ஒரு கிரேனுக்கு ஒரு கை

செய்தியைக் கொண்டு வந்தவர் கருப்பையா மேஸ்திரி. பழனி அடிவாரத்தில் நான் மானேஜராக இருக்கும் லாட்ஜின் வாசலில், திண்டுக்கல் பஸ்ஸின் புழுதி தலையில் படிந்திருக்க வந்து நின்றார். முன்பற்கள் இல்லாத வாய். அந்தப் பற்கள் எங்கே போயின என்பதைப் பின்னால் சொல்கிறேன். "சவரி போய்ட்டான்யா" என்றார். "காலையில கஞ்சி கேட்டானாம். ஆரோக்கியம் ஆத்திக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நாளைக்குப் பொழுது சாய எடுக்கிறாக. நீ வராம எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். தன் பல்லை உடைத்தவனுக்காக ஒரு மனிதர் அப்படி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சவரிமுத்து அண்ணனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "நாலு நல்ல வார்த்தை எழுதுங்க" என்று பழைய கூட்டாளிகள் கேட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் செத்துப்போனால் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அண்ணன் நல்லவர் இல்லை. அவர் கைநீளக்காரர், திருட்டில் அல்ல, அடிப்பதில். யோசித்துவிட்டு அடிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அடித்துவிட்டு யோசிப்பார், சில நாள் அதுவும் இல்லை. அவரிடம் அடி வாங்காத யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், நீங்கள் அவரோடு அதிக நாள் பழகவில்லை என்றுதான் அர்த்தம். இதையெல்லாம் மறைத்து எழுதினால் அவரே எழுந்து வந்து என்னை அறைவார்.

குடகனாற்றின் மேல் எரியோட்டுப் பக்கம் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அறுபதுகளின் தொடக்கம். காண்டிராக்டர் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு பழைய கிரேனை வாங்கி வந்திருந்தார். அதுவரை நாங்கள் பார்த்த கிரேன்கள் எல்லாம் கம்பிக் கயிற்றால் இழுபட்டுத் தலை தூக்குபவை. இது எண்ணெய் அழுத்தத்தில் தூக்குவது. பூம் என்று நாங்கள் சொல்லும் அதன் நீண்ட இரும்புத் தூண், அடியில் ஒரு தடித்த உருளை தள்ளத் தள்ள, தூங்கி எழும் யானை மாதிரி நிமிரும். "எண்ணெயிலயே எந்திரிக்குதாம்ல" என்று சுற்றுப்பட்டி ஜனங்கள் தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த கிரேனோடு சேர்ந்து வந்தவர்தான் அண்ணன். பிறந்தது திண்டுக்கல், தொழில் படித்தது துறைமுகத்தில்.

என் வேலை கை காட்டுவது. கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பாரம் எங்கே இறங்குகிறது என்பது தெரியாது. எஞ்சின் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் ஒருவன் வெளியே நின்று கையால் பேச வேண்டும். கையை நீட்டிக் கட்டை விரலை மேலே காட்டினால் பூமை நிமிர்த்து; கீழே காட்டினால் பூமை இறக்கு; முஷ்டியை மூடினால் நிறுத்து. முதல் நாளே காண்டிராக்டரின் மைத்துனர் ஒருவர், வெள்ளை வேட்டியோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்று தானும் கையை ஆட்டினார். முதலாளி வீட்டு ஆள் ஆயிற்றே என்று நான் கையை இறக்கிக்கொண்டேன். எஞ்சின் நின்றது. அண்ணன் கூண்டிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து ஓங்கி ஓர் அறை விட்டார். காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் ஆனது.

"எவன் வந்தா உனக்கென்னலே? ஏன் கையை இறக்குனே?" என்றார். "ஒரு கிரேனுக்கு ஒரு கைதான். சாமான் தரையில உக்காந்து, கொக்கி கழண்டு, நான் தலையை ஆட்டுற வரைக்கும் உன் கை எறங்கக் கூடாது. புரியுதா?" பிறகு திரும்பி, வெள்ளை வேட்டிக்கும் ஒன்று வைத்தார். அன்றோடு வேலை போயிருக்க வேண்டும். அந்த மெஷினை ஓட்ட ஜில்லாவில் வேறு ஆள் இல்லாததால் பிழைத்தது. அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. எல்லோருக்கும் நான் 'கை' ஆனேன். ஏலே கை, இங்க வா. ஏலே கை, சாப்டியா.

தூக்கிய பாரத்துக்குக் கீழே நின்று பீடி பற்றவைத்த ஒரு லாரி டிரைவரைக் காதில் ரத்தம் வர அடித்தார். ஏன் அண்ணே இப்படி என்று கேட்டதற்கு, "தூக்குன சாமானுக்குக் கீழ நிக்கிறவன் ஏற்கெனவே செத்தவன்லே. செத்தவனை அடிச்சாக் கேசு வராது" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் வீட்டில் அடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி ஆரோக்கியம் அக்காவின் நெற்றியில் ஒரு முறை தையல் போட்டார்கள். நான் ஒரு நாள் நடுவில் புகுந்து தடுத்தபோது எனக்கும் விழுந்தது. அதை நான் மன்னிக்கவில்லை; இப்போதும் இல்லை.

இனி அந்த மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய்க்கு அழுத்தம். எஞ்சின் நின்றுவிட்டால் உருளைக்குள் எண்ணெய் அப்படியே பூட்டிக்கொள்ளும். பூம் இருந்த இடத்திலேயே நிற்கும். கயிறும் இறங்காது, பூமும் இறங்காது. அப்படிப்பட்ட ஆபத்துக்கென்று உருளையின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. அதற்கென்றே செய்த சதுரவாய்ச் சாவியைப் போட்டு மயிரிழை திருப்பினால், எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குத் திரும்பும். பூம் தன் எடையிலேயே மெல்லத் தாழும். கொஞ்சம் அதிகம் திருப்பினால் பூம் விழும். அவ்வளவுதான் வித்தியாசம். "தூக்குறதுக்கு எஞ்சின் வேணும். இறக்குறதுக்கு மனுசன் வேணும்" என்பார். அந்தச் சாவி அவர் இருக்கைக்குக் கீழே ஒரு சங்கிலியில் எப்போதும் தொங்கும்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை. பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டுவது போலக் கிரேனைக் குளிப்பாட்டினார்கள். டீசல் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை. கொட்டகையில் அம்மன் படத்துக்கு முன்னால் கடப்பாரை, ஜாக்கி, ஸ்பேனர், மண்வெட்டி எல்லாவற்றையும் அடுக்கினார் கருப்பையா மேஸ்திரி. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை போடாமல் தொடக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். மேஸ்திரிக்கு அது வெறும் வழக்கமாக இல்லை. முந்தின வருஷம் அவர் தம்பி அவசரப்பட்டு மறுபூஜைக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அன்றைக்கே கிணற்றுக் கரை சரிந்து செத்துப்போனான். அந்த உடம்பைத் தோண்டி எடுத்தவர் மேஸ்திரிதான்.

அடுக்கி முடித்தவர் கிரேனிடம் வந்து சங்கிலியிலிருந்து அந்தச் சாவியையும் கழற்றினார். "ஏலே, அதை வச்சிட்டுப் போ" என்றார் அண்ணன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "எல்லாவனோட ஆயுதமும் ஆத்தாளுக்கு முன்னால இருக்கு. உன் சாவி மட்டும் தனியா இருக்கணுமாக்கும், சவரி? நீ எங்க ஆளு இல்லையா?" என்றார். யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், அந்த ஒரு கேள்விக்கு விட்டுக்கொடுத்தார். நூறு பேர் நடுவில் தான் ஒருவர் மட்டும் கிறிஸ்தவ வேதக்காரர் என்று தனித்து நிற்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். "எடுத்துட்டுப் போய்த் தொலை" என்றார்.

பூஜை முடிந்ததும் சாஸ்திரத்துக்கு ஒரு பாளம் தூக்க வேண்டும் என்றார்கள். கருங்கல் பாளம் ஒன்று, அதற்கும் மாலை போட்டிருந்தது. கிரேனுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். நான் கிரேனின் ஊன்றுகால் அருகில், அதாவது கிரேன் சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் இரும்புக் காலருகில், கை காட்டிக்கொண்டு நின்றேன். பாளம் எழும்பியது. நாதஸ்வரம் வாசித்தார்கள். திடீரென்று எஞ்சின் இருமியது. தண்ணீர் கலந்த டீசல். பூம் ஒரு வெட்டு வெட்டி மேலே நிமிர்ந்தது. பாளம் கிரேனை நோக்கி ஆடி வந்தது. விலகினேன். காலடியில் பூசணிக்காய்ச் சதை. வழுக்கி விழுந்தேன். பாளம் வந்து என் வலது தொடையை ஊன்றுகாலோடு வைத்து நெரித்தது. அதே நொடியில் எஞ்சின் செத்தது. நாதஸ்வரம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் ஓடி வந்து பாளத்தைத் தோளால் தள்ளியது. தொங்குகிற கல்லைத் தள்ளினால் அது போன வழியே திரும்பி வரும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அரை முழம் போயிற்று; திரும்பி வந்து அடித்தது. எலும்பு உடைந்த சத்தத்தை நான் கேட்டேன், காய்ந்த பனைமட்டையை ஒடிப்பது போல. மறுபடி தள்ளப் போனார்கள். "தொடாதீக!" என்று அலறினேன். கடப்பாரை கொண்டு வாருங்கள் என்று யாரோ கத்தினார்கள். கடப்பாரை பூஜையில் இருந்தது. ஜாக்கியும் பூஜையில்தான். கொட்டகைக் கதவு பூட்டியிருந்தது. பூட்டின் சாவி மேஸ்திரியின் இடுப்பில்.

பூமை இறக்கினால் பாளம் கிரேனை விட்டு விலகிப் போகும். ஒரு முழம் விலகினால் போதும், நான் வெளியே. எனக்கும் அண்ணனுக்கும் அது தெரியும். அவர் கூண்டிலிருந்து குதித்தார், கொட்டகையைப் பார்த்து ஓடினார். மேஸ்திரி கதவுக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றார். நான் கிடந்த இடத்திலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"பூசாரிக்கு ஆள் அனுப்பியிருக்கேன் சவரி. செத்த நேரம் பொறு. மறுபூஜை போட்டு எடுத்துருவோம். இப்ப எடுத்தா அந்தப் பய செத்துருவான். என் தம்பியை நான் பார்த்தேன்யா!"

அவர் வேண்டுமென்று தடுக்கவில்லை. என் உயிருக்குப் பயந்துதான் தடுத்தார். இதை நான் அன்றே புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அன்று அவரைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது.

அண்ணன் தலையைக் குனிந்து மேஸ்திரியின் வாயில் ஒரே முட்டு. மேஸ்திரி ரத்தத்தோடு சரிந்தார். கதவு இரண்டாவது உதையில் பிளந்தது. உள்ளே குத்துவிளக்கு கவிழ்ந்து, பட்டுத்துணி தீப்பிடித்து, அம்மன் படக் கண்ணாடி உடைந்தது. அண்ணன் வலக்கையில் சாவியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதைப் பார்த்துக் கூட்டத்துக்கு வெறி வந்துவிட்டது.

"ஆத்தா படத்தை உடைச்சிட்டான்டா!"

கட்டையால் அடித்தார்கள். கல்லால் அடித்தார்கள். மாலை கட்டியிருந்த வாழைக்கன்றைப் பிடுங்கி அதன் தூரால் முகத்தில் அடித்தான் ஒருவன். புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. நேற்று வரை அவரோடு ஒரே சட்டியில் வெஞ்சனம் தொட்டுச் சாப்பிட்டவர்கள் அவர்கள். ஜில்லாவிலேயே கைநீளக்காரர் என்று பேரெடுத்த மனிதர் அன்று ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. சாவி இருந்த முஷ்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மழையில் நடக்கிறவர் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு, நடந்து வந்தார். இரண்டு தடவை விழுந்தார். எழுந்தபோதெல்லாம் முஷ்டி மூடியே இருந்தது. கையை ஓங்கினால் சாவி விழுந்துவிடும். விழுந்தால் அந்தக் கால்களுக்கிடையில் அது கிடைக்காது. அதனால்தான் ஓங்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவர் கை ஓங்காமல் இருந்தார், அது எனக்காக.

கிரேனுக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்துச் சாவியை வால்வில் போட்டார். அங்கிருந்து அவருக்குப் பாளம் தெரியாது. ஊன்றுகாலுக்கு அப்பால் என் தலையும் தோளும் மட்டும்தான் தெரியும். அடித்த கூட்டமே இப்போது சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று கத்தியது. இறக்கு! வேணாம், நிறுத்து! இன்னும் கொஞ்சம்! ஏ, கல்லு ஆடுது!

"எல்லாவனும் வாயை மூடுங்கடா!" என்று ஒரு சத்தம் கிரேனுக்கு அடியிலிருந்து வந்தது. "ஏலே கை! உன் கை எங்கலே?"

கையைத் தூக்கினேன். கட்டை விரலைக் கீழே காட்டினேன்.

உஸ்ஸென்று எண்ணெய் திரும்பும் சத்தம். பாளம் நகர்ந்தது. என் தொடையின் சதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கத்த வேண்டும், கையை உதற வேண்டும், மண்ணைப் பிறாண்ட வேண்டும் என்று உடம்பு கேட்டது. கையை உதறினால் அவர் என்னவென்று புரிந்துகொள்வார்? விரலைக் கீழேயே வைத்திருந்தேன். பல்லைக் கடித்ததில் நாக்கு கிழிந்தது. இடைவெளி விழுந்ததும் யாரோ என் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தார்கள். இழுத்தவர் வாயிலிருந்து என் முகத்தில் ரத்தம் சொட்டியது. கருப்பையா மேஸ்திரி. நான் முஷ்டியை மூடினேன். சத்தம் நின்றது. பாளம் அந்தரத்தில் நின்றது. கிரேனுக்கு அடியில், ஒரு கண் மூடி, முகம் முழுக்க ரத்தமாக, அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் கையை இறக்கினேன். பிறகு எனக்கு நினைவில்லை.

காலை எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்ன ஆஸ்பத்திரி, எடுக்காமலேயே அனுப்பியது. கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். கலவரம் செய்தார் என்று காண்டிராக்டர் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, சென்னையிலிருந்து வேறு ஆளை வரவழைத்தார். மேஸ்திரி தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்தார். ஒரு நாள் அண்ணனும் வந்துவிட்டார். இருவரும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். "பல்லு வலிக்குதா?" என்று கேட்டார் அண்ணன். "இருந்தாத்தானே வலிக்க" என்றார் மேஸ்திரி. அதற்குப் பிறகு அவர்கள் பிரியவே இல்லை. அம்மன் படத்துக்குப் புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டவர் அண்ணன். அடுத்த வருஷம் முதல் அந்தச் சாவியைப் பூஜையில் வைக்கக் கூடாது என்று சொன்னவர் மேஸ்திரி.

இந்தக் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். துக்க வீட்டிலும் இதைத்தான் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கை ஓங்காத அந்த ஒரு நாளைப் பற்றி. ஆரோக்கியம் அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் அந்தத் தையல் தழும்பு. நான் நொண்டிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஊரெல்லாம் சொல்லுது தம்பி, அந்த ஒரு நாளு அவுக கை ஓங்கலைன்னு" என்றார். "எனக்கு அப்படி ஒரு நாளு கெடைக்கலையே."

அந்த வார்த்தை இல்லாமல் இந்த அஞ்சலியை அச்சில் ஏற்றக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்கு மேலே கொண்டுவந்து கயிறுகளில் நிறுத்தினார்கள். பாலம் கட்டிய பழைய ஆட்கள்தான் கயிறு பிடித்தார்கள், சிலர் குடித்திருந்தார்கள். உன் பக்கம் விடு, நீ பிடி, ஏய் மெதுவாடா என்று ஆளுக்கு ஒன்று கத்த, தலைமாடு சரிந்து பெட்டி சாய்ந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அக்கா வீலென்று கத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது அறைந்திருப்பேன். குழியின் கால்மாட்டுக்குப் போய் நின்று கையை நீட்டினேன். யாரும் பார்க்கவில்லை. கயிற்றில் ஒரு முனையைப் பிடித்திருந்த கருப்பையா மேஸ்திரிதான் பார்த்தார். "எல்லாவனும் வாயை மூடுங்கடா! கையைப் பாருங்க!" என்று பல்லில்லாத வாயால் கத்தினார்.

கட்டை விரலைக் கீழே காட்டினேன். சாய்ந்த பெட்டி நேரானது. கயிறுகள் ஒன்றாக நெகிழ்ந்தன. பெட்டி ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கி மண்ணில் உட்கார்ந்தது. முஷ்டியை மூடினேன். கயிறுகளை உருவிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

குட்டைக் கால் ஒன்று, கன்னத்தில் ஓர் அறை, ஒரு பெயர். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான். கூட்டம் கலைந்த பிறகு மேஸ்திரி என் பக்கத்தில் வந்து, "போதும்யா, கையை இறக்கு" என்றார். என்னால் முடியவில்லை. சாமான் தரையில் உட்கார்ந்துவிட்டது, கயிறு கழன்றுவிட்டது, ஆனால் அவர் இன்னும் தலையை ஆட்டவில்லையே.